பனிக்காலக் கணக்கு

பேஸ்பால் ஆட்டங்கள் ஓய்ந்த பனிக்காலத்தில்தான் ரசிகனின் ஆட்டம் தொடங்குகிறது. 2024இல் எங்கள் சிகாகோ வொயிட் சாக்ஸ் 162 ஆட்டங்களில் 121இல் தோற்றது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கி எந்த அணியும் ஒரே பருவத்தில் இத்தனை தோல்விகளைக் கண்டதில்லை. அணியைச் சீரமைக்க நாங்கள் தாளில் ஒரு திட்டம் வகுத்தோம். முதல் வரியே கசந்தது: பந்துவீச்சாளர் காரெட் குரோஷேவைக் கொடுத்து இளம் ஆட்டக்காரர்களைப் பெறுவது. எழுதினோம்; அடித்தோம்; மீண்டும் எழுதினோம்.

அந்த டிசம்பரில் நிர்வாகமும் அதையே செய்தது. நான்கு இளைஞர்களைத் தந்து பாஸ்டன் அவரைப் பெற்றது. 2025இல் அங்கே அவர் 255 ஸ்ட்ரைக் அவுட்களைக் குவித்தார். எங்கள் அணி 60 ஆட்டங்களில் வென்றது. முந்தைய ஆண்டைவிட 19 கூடுதல்.

திட்டம் சரிதான். ஆனால் அவர் பந்து வீசிய நாட்களில் நாங்கள் பாஸ்டன் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.