தண்ணீர் ஏறும் நேரம்: ஹாம்பர்க்கில் ஓர் அம்மாவும் மகளும்!

அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. ஜூன் மாதம், மூன்று வாரங்கள். மகளுக்கு ஒரே ஒரு கவலைதான் பாக்கி. அம்மாவை எங்கே கூட்டிப்போவது?

மகள் வேலை பார்ப்பது ஹாம்பர்க்கில். ஜெர்மனியின் மிகப்பெரிய துறைமுக நகரம். பார்க்க இடத்துக்கா பஞ்சம்? எல்பே நதி, ஆல்ஸ்டர் ஏரி, ஊர் முழுக்கக் கால்வாய்கள், 2,000-க்கும் அதிகமான பாலங்கள். பிரச்னையே அதுதான். செல்போனில் எந்த இடத்தைக் குறித்து வைத்தாலும், அதில் தண்ணீர் இருந்தது.

அம்மாவுக்கு ஊர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்துபோனார்கள். அதில் ஒருவர், அம்மாவின் தங்கை. மகளுக்குச் சித்தி. அன்றிலிருந்து அம்மா கடற்கரைக்குப் போனதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனாலும் கோயிலோடு திரும்பிவிடுவார். கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் பார்க்க மாட்டார்.

"எனக்கு எதையும் காட்ட வேண்டாம்டி. உன் வீட்டையும், நீ சமைக்கிற லட்சணத்தையும் பார்த்தா போதும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். மகள் விடுவதாக இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குப் பக்கத்தில் அழைத்துப்போவது என்று திட்டம் போட்டாள்.

முதல் வாரம், நகரின் நடுவே இருக்கும் 'பிளான்டன் உன் ப்ளோமன்' பூங்கா. அந்த வட்டாரப் பேச்சில் 'செடிகளும் பூக்களும்' என்று அர்த்தம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ரோஜாத் தோட்டம், ஜப்பானியத் தோட்டம் என்று அம்மா ஒரு செடியை விடவில்லை. கோடைக்கால இரவுகளில் அங்கே நீரூற்றுகளை இசைக்கும் வண்ண விளக்குக்கும் ஏற்ப ஆடவைக்கிறார்கள். ஜூனில் சூரியன் மறையவே கிட்டத்தட்ட பத்து மணி ஆகிவிடுவதால், நிகழ்ச்சியும் பத்து மணிக்குத்தான். தூரத்துப் புல்வெளியில் உட்கார்ந்து அம்மா கடைசிவரை பார்த்தார். மகள் மனதுக்குள் முதல் இடத்துக்கு டிக் போட்டுக்கொண்டாள்.

அடுத்தது ஆல்ஸ்டர். பார்த்தால் ஏரி மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு சிற்றாறு. மாவு ஆலையை ஓட்டுவதற்காகப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு அதற்கு அணை போட்டார்கள். தண்ணீர் தேங்கி ஏரியாகிவிட்டது. எல்பேக்கும் இதற்கும் நடுவில் மதகுகள் இருப்பதால், கடலின் ஏற்ற இறக்கம் இங்கே எட்டிப்பார்ப்பதில்லை. பெரிய ஏரியைச் சுற்றி வர ஏழு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு கிலோமீட்டர் போதும் என்று மகள் முடிவு செய்தாள். பெஞ்ச் இருக்கும் இடங்களை முந்தைய வாரமே போய்ப் பார்த்து வைத்திருந்தாள்.

ஏரியில் அன்னங்கள். குளிர்காலத்தில் அவற்றை உறையாத குளம் ஒன்றுக்குக் கொண்டுபோய்ப் பாதுகாக்க நகர நிர்வாகத்திலேயே ஓர் ஊழியர் இருக்கிறார் என்று மகள் சொன்னாள். "அன்னத்துக்கு கவர்மென்ட் உத்தியோகஸ்தரா?" என்று அம்மா சிரித்தார். ஆனால், "போட்ல ஒரு ரவுண்டு போகலாமாம்மா?" என்று கேட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மகள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இரண்டாவது வாரம்தான் தப்பு நடந்தது.

'ஸ்பைஷர்ஷ்டாட்' என்ற கிடங்கு நகரத்துக்குப் போனார்கள். 1883-ல் கட்டத் தொடங்கிய சிவப்புச் செங்கல் கிடங்குகள். ஈர மண்ணில் மரக்கம்பங்களை இறக்கி, அவற்றின் மேல் எழுப்பியவை. காபி, தேயிலை, மசாலாப் பொருள்கள், கம்பளங்கள் எல்லாம் கால்வாய் வழியாகப் படகில் வந்து, நேராக மாடிக்கு ஏறும். 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்த இடம். படகு வேண்டாம், பாலங்களின் மேல் நடந்தே பார்க்கலாம் என்பது மகளின் திட்டம். மழை வருமா, காற்று அடிக்குமா என்றெல்லாம் பார்த்தவள், ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

ஹாம்பர்க், கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. ஆனாலும் எல்பே வழியாகக் கடலின் ஏற்றமும் வற்றமும் நகரத்துக்குள் வந்துவிடுகின்றன. தண்ணீர் தினமும் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். ஒவ்வொரு முறையும் மூன்றரை மீட்டருக்கும் மேல், அதாவது இரண்டு ஆள் உயரம். நாகப்பட்டினம் கடலில் ஒரு மீட்டர்கூட வராது.

அவர்கள் பாலத்தில் நின்றபோது வற்றம். கால்வாயில் தண்ணீர் இல்லை. அடிமண் சேறாகத் தெரிந்தது. இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆள் உயரத்துக்கு மேல் ஈரமும் பாசியும்.

அம்மா கீழே பார்த்தார். மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "தண்ணி எங்கடி போச்சு?"

"வத்தம்மா. சாயங்காலம் வந்துடும்."

"வா, போயிடலாம்." திரும்பிப் பார்க்காமல் நடந்தார். முழங்கால் வலி அப்போது அவருக்கு ஞாபகமே இல்லை.

அன்றைக்கு ராத்திரி, அடுப்படியில் நின்றபடியே அம்மா சொன்னார். "முதல் அலை வந்துட்டுத் திரும்பிப் போச்சுல்ல... கடல் அவ்வளவு தூரம் உள்ள போயி, மண்ணு தெரிஞ்சுது. முடிஞ்சுதுன்னு நினைச்சோம். சித்தி, வீட்டுச் சாமான் எதாவது கிடக்குதான்னு பார்க்கப் போனா. நான்தான் போயிட்டு வான்னு சொன்னேன்."

இருபது வருடங்களில் அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. மகள் கேஸை அணைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

மகள் குடியிருப்பது வில்ஹெல்ம்ஸ்பர்க்கில். எல்பேயின் இரு கிளைகளுக்கு நடுவே இருக்கும் தீவு. கீழ்வீட்டில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலையில், அம்மா வந்திருப்பது தெரிந்து கேக் எடுத்து வந்தார். ஊர் எது என்று விசாரித்தார். மகள் ஊரைச் சொல்லி, சுனாமியையும் சொன்னாள். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இங்கேயும் வந்தது" என்றார்.

1962 பிப்ரவரி 16 இரவு. வட கடலில் எழுந்த புயல், கடல்நீரை எல்பேக்குள் தள்ளியது. நள்ளிரவுக்குப் பிறகு கரைகள் பல இடங்களில் உடைந்தன. ஹாம்பர்க்கில் 315 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதியினர் வில்ஹெல்ம்ஸ்பர்க்வாசிகள். தோட்டக் குடில்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர். பாட்டிக்கு அப்போது ஏழு வயது. அப்பா அவரைத் தூக்கிக் கூரையில் ஏற்றியிருக்கிறார். பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெண் மறுபடி வரவே இல்லை.

மகள் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தாள். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்புறமும் ஏன் இங்கயே இருக்கீங்க?"

பாட்டி பதில் சொல்லாமல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, இருவரையும் வெள்ளத்தடுப்புக் கரைக்கு அழைத்துப்போனார். புல் வளர்ந்த உயரமான மண்கரை. அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. 1962-க்குப் பிறகு கரைகளை உயர்த்திக் கட்டினார்கள். 1976-ல் அதைவிடவும் அதிகமாகத் தண்ணீர் ஏறியபோது, அந்த உயரம்தான் நகரத்தைக் காப்பாற்றியது. "தினமும் இதுமேல ஏறிப் பார்ப்பேன். தண்ணி எங்க இருக்குன்னு தெரிஞ்சாதான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார் பாட்டி.

திரும்பி வந்ததும் ஒரு சின்னப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தார். அந்த வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தண்ணீர் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் மணி, நிமிடக் கணக்கில் அச்சாகியிருந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். புயல் வெள்ளம் வருவதானால், ரேடியோவிலும் சைரன் மூலமும் முன்கூட்டியே அறிவிப்பார்கள் என்றும் மகள் சொன்னாள்.

"எங்களுக்கு அன்னைக்கு யாரும் சொல்லலையே" என்றார் அம்மா.

உண்மைதான். 2004-ல் இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஹைதராபாத்தில் இந்தியாவின் மையம் செயல்படத் தொடங்கியது 2007-ல்தான்.

மூன்றாவது வாரத்துக்கு மகள் பழைய திட்டத்தை அழித்துவிட்டாள். இந்த முறை அந்தச் சின்னப் புத்தகத்திலிருந்து தொடங்கினாள். தண்ணீர் உச்சத்துக்கு வரும் நேரம் காலை 10.50. அதையொட்டியே எல்லாம்.

'லாண்டுங்ஸ்ப்ருக்கன்' படகுத்துறை மிதவைகளின் மேல் நிற்கிறது. தண்ணீரோடு சேர்ந்து ஏறும், இறங்கும். வற்றத்தில் போனால், கரையிலிருந்து இறங்கும் பாலம் செங்குத்தாகச் சாய்ந்திருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம். ஏற்றத்தில் போனால் கிட்டத்தட்ட சமதளம். கிடங்கு நகரத்துக் கால்வாய்களில் போகும் சுற்றுலாப் படகுகளும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. தண்ணீர் ரொம்பவும் இறங்கினால் படகு போகாது. ரொம்பவும் ஏறினால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது.

சுற்றுலாப் படகுக்குப் பதிலாக 62-ம் எண் பயணிகள் படகைத் தேர்ந்தெடுத்தாள். பஸ், ரயிலுக்கு எடுக்கும் அதே டிக்கெட் இதற்கும் செல்லும். முழுச் சுற்று போக வேண்டிய கட்டாயம் இல்லை, எந்தத் துறையிலும் இறங்கிக்கொள்ளலாம். மகள் குறித்து வைத்தது 'நொய்முய்லன்' என்ற மூன்றாவது துறை. அங்கிருந்து ஊருக்குள் திரும்பிவர பஸ் இருக்கிறது. அம்மா பயந்துவிட்டால் மறுபடி படகில் ஏறவேண்டிய அவசியம் இல்லை. ஜூன் மாதம்தான் என்றாலும் ஆற்றுக்காற்று குளிரும் என்பதால், பையில் ஸ்வெட்டரும் காதுக்கு ஒரு ஸ்கார்ஃபும்.

முதலில் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆற்றோர நடைபாதை. கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீதின் நிறுவனம் வடிவமைத்தது, 2019-ல் வேலை முடிந்தது. பார்க்க அழகான படிக்கட்டும் உலாவும் இடமும்தான். "இதுவும் தடுப்புச் சுவர்தாம்மா. நாம அது மேலதான் நிக்கிறோம்" என்றாள் மகள். அம்மா செருப்புக் காலால் தரையை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

படகில் அம்மா கீழ்த்தளத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரே ஒரு சரக்குக் கப்பல் கடந்தபோது படகு லேசாக ஆடியது. கண்ணை மூடிக்கொண்டார். மகளின் கையில் அம்மாவின் நகம் பதிந்தது. கால் மணி நேரத்துக்குள் துறை வந்துவிட்டது.

இறங்கிச் சற்று நடந்தால் 'ஓவல்கோனே' மணல்கரை. குழந்தைகள் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நீரோட்டமும் கப்பல்கள் எழுப்பும் அலையும் ஆபத்து என்பதால், ஆற்றில் இறங்கிக் குளிப்பது நல்லதல்ல. அம்மா மணலின் ஓரத்தில் நின்றார். கப்பல் ஒன்று போய்க் கொஞ்ச நேரம் கழித்து, அது எழுப்பிய அலை கரைக்கு வந்தது. அம்மா நாலு அடி பின்னால் நகர்ந்தார். ஓடவில்லை. அலை திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சித்திக்குக் கப்பல்னா உயிர். இதையெல்லாம் பார்த்திருந்தா வீட்டுக்கே வந்திருக்க மாட்டா" என்றார்.

திரும்பும்போது பஸ்தான். படகு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் அம்மா.

அன்று இரவு மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்தச் சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ஜெர்மன் மாதப் பெயர் அவருக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்குடி ஏறுது?"

"பதினொன்னு நாற்பதும்மா."

"அப்ப பத்தரைக்குக் கிளம்பினா சரியா இருக்கும்" என்றார் அம்மா.