சில நேரம் கூடமும் கோணல்தான்! கேம் வீரர்களின் பேட்டியும் ஒளிபரப்பாளர்களின் கத்தரியும்

பேட்டிகளை வெட்டுவது என் தினசரி வேலை. நாற்பது நிமிடம் பேசியதை ஆறு நிமிட வீடியோவாக்க வேண்டும். அதிலிருந்து ஒரு நிமிட ரீல்ஸ் எடுக்க வேண்டும். இருமல், தடுமாற்றம், 'அது வந்து பார்த்தீங்கன்னா' எல்லாம் போய்விடும். ஒரே கதையை இரண்டு முறை சொல்லியிருந்தால் நன்றாகச் சொன்னது மட்டும் தங்கும். இதற்காக யாரும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. அதனால், பேட்டியில் எதிலுமே கை வைக்கக் கூடாது என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை.

ஆனால் பேட்டி கொடுப்பவர், பேட்டி எடுப்பவரையே குறை சொன்னால்? அந்தப் பகுதியையும் 'நேரம் போதவில்லை' என்று வெட்டிவிடலாமா? இ-ஸ்போர்ட்ஸ் உலகத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. வீட்டில் ஒரு பிள்ளையாவது போனும் ஹெட்செட்டுமாக உட்கார்ந்திருக்கும் காலம் இது. அதனால் கேம் ஆடாதவர்களும் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

பெரியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இ-ஸ்போர்ட்ஸ் என்றால் பணம் கட்டிச் சூதாடுவதல்ல. அணிகளும் பயிற்சியாளர்களும் ரசிகர்களும் கோப்பையும் உள்ள வீடியோ கேம் போட்டி. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். கிரிக்கெட்டில் போலவே இங்கேயும் மேட்ச் முடிந்ததும் மைக் நீட்டுவார்கள். ஜெயித்தவர் சிரிப்பார், தோற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவார்.

'அக்கா, நான் சொன்னதே வரல!'

தமிழகத்தின் ஒரு நகரத்தில் கல்லூரிகளுக்கிடையே நடந்த மொபைல் கேம் போட்டி ஒன்றுக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். அரையிறுதியில் தோற்ற அணியின் கேப்டனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். போட்டி நடத்தியவர்களின் கேமராவும் என் போனும் ஒரே நேரத்தில் அவன் முன்னால் நின்றன. "எதிர் டீம் நல்லா ஆடினாங்க. ஆனா நடுவுல வைஃபை ரெண்டு தடவை போச்சு. மறுபடி ஆடவிடுங்கன்னு கேட்டோம், விடல" என்றான். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை.

பக்கத்தில் நின்ற ஒருங்கிணைப்பாளர் என்னிடம் மெதுவாக, "மேடம், அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. நெகட்டிவா இருக்கு" என்றார். அலுவலகத்தில் சீனியரிடம் கேட்டேன். "வெட்டாதே. அவங்ககிட்ட பதில் கேட்டுப் போடு" என்றார். கேட்டேன். மின்சாரம் ஏறி இறங்கியதாகவும், நேரம் இல்லாததால் மறுபடி ஆடவிட முடியவில்லை என்றும் சொன்னார்கள். நியாயமான பதில்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டோம்.

போட்டி நடத்தியவர்களின் சேனலில் அதே பேட்டி மறுநாள் வந்தது. "எதிர் டீம் நல்லா ஆடினாங்க" என்பதோடு தாவி, "எல்லாருக்கும் தேங்க்ஸ்" என்று முடிந்துவிட்டது. அன்று இரவு அந்தப் பையனிடமிருந்து மெசேஜ். "அக்கா, நான் சொன்னதே வரல. அம்மா அந்த வீடியோவ பார்த்துட்டு, ஒழுங்கா ஆடலையாடான்னு கேட்கறாங்க. உங்க லிங்க்க அனுப்புங்க."

லிங்க்கை அனுப்பினேன். அந்த அம்மாவை நினைத்தால்தான் சங்கடமாக இருந்தது. மகன் இரவெல்லாம் விழித்துப் பயிற்சி எடுப்பதை அரைமனதோடு அனுமதித்தவர் அவர். தோல்விக்கு என்ன காரணம் என்று அவருக்குத் தெரிய ஒரே வழி, அந்த வீடியோதான். அதில் அவருடைய பையன் தானே ஒப்புக்கொண்டு தோற்றதுபோல நிற்கிறான்.

எல்லாம் ஒரே கை

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். தோற்றவர் குறை சொன்னால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பழமொழிதான். ஆனால் சில நேரம் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும். அதைச் சொல்லக்கூடியவர் அதில் ஆடியவர்தான். கோணலா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கூடத்தின் சொந்தக்காரரிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஆட்ட விதிகளை லண்டனின் எம்.சி.சி எழுதுகிறது. உலகக் கோப்பையை ஐ.சி.சி நடத்துகிறது. அதை ஒளிபரப்பும் உரிமையை ஒரு டி.வி நிறுவனம் வாங்குகிறது. கிரிக்கெட் என்ற ஆட்டம் யாருக்கும் சொந்தமில்லை. இ-ஸ்போர்ட்ஸில் நிலைமை வேறு. 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' என்ற கேமை 2009-ல் வெளியிட்டது ரயட் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். விதிகளை மாற்றுவதும் உலக சாம்பியன்ஷிப்பை நடத்துவதும் அவர்கள்தான். நேரலையைத் தயாரிப்பதும், தோற்றவரிடம் மைக் நீட்டுவதும் அவர்கள்தான். எல்லா கேமிலும் அப்படியே இல்லை என்றாலும், பெரிய கேம்கள் பலவற்றில் இதுதான் ஏற்பாடு. அங்கே ஒரு வீரர் 'கேமில் கோளாறு' என்று சொன்னால், அந்த வரியை வைப்பதா வெட்டுவதா என்று முடிவெடுப்பவர், குறை சொல்லப்பட்டவரிடமே சம்பளம் வாங்குபவர்.

திரையில் 35... கைக்குத் தெரிந்தது வேறு

2022 மே மாதம். தென்கொரியாவின் பூசான் நகரில் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸின் எம்.எஸ்.ஐ சர்வதேசப் போட்டி. சீனாவின் ஆர்.என்.ஜி அணியால் கொரோனா கட்டுப்பாடுகள் காரணமாகப் பயணம் செய்ய முடியவில்லை. ஷாங்காயில் இருந்தே ஆடினார்கள். நாம் பட்டனை அழுத்தும் தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தை 'பிங்' என்பார்கள். தூரத்தில் இருக்கும் அணிக்கு இது கூடும். அதனால் நியாயமாக இருக்கட்டும் என்று, பூசானில் இருந்தவர்களுக்கும் பிங்கைச் செயற்கையாகக் கூட்டி, எல்லோருக்கும் 35 மில்லி செகண்ட் என்று வைத்தார்கள்.

ஆடத் தொடங்கியதும் பூசானில் இருந்த அணிகளிடமிருந்து குரல் வந்தது: இது 35 இல்லை, அதைவிட மெதுவாக இருக்கிறது. திரையில் 35 என்றுதான் காட்டியது. ஒரு மில்லி செகண்ட் என்பது ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது' என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்!

ரயட் ஆராய்ந்து பார்த்தது. வீரர்கள் சொன்னது சரி. பிங்கைக் கணக்கிட்ட கருவியில் முரண்பாடு இருந்ததால், பூசானில் உண்மையான தாமதம் திரையில் காட்டியதைவிட அதிகம் இருந்தது. நிறுவனம் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆர்.என்.ஜி அதுவரை ஆடியிருந்த மூன்று ஆட்டங்களும் மறுபடி நடத்தப்பட்டன. கடைசியில் இறுதிப் போட்டியில் டி1 அணியை 3-2 என்று வென்று கோப்பையை எடுத்ததும் ஆர்.என்.ஜிதான். கோளாறு சரியான பிறகு கிடைத்த வெற்றி என்பதால், அவர்களுக்கும் அது கௌரவம்.

என்னைப்போல ஒரு டெஸ்க் ஆசாமி, 'பிங் சரியில்லை' என்ற வரியைக் கேட்டு 'நெகட்டிவா இருக்கே' என்று நினைத்திருந்தால்? கருவி சொன்ன பொய் கோப்பை வரை போயிருக்கும்.

2016 ஆகஸ்டில் நடந்தது இன்னொரு கதை. டி.எஸ்.எம் அணியின் உரிமையாளர் ஆண்டி டின், வெளி ஊடகம் ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், பெரிய போட்டிகளுக்கு முன்பு கேமையே தலைகீழாக மாற்றுவது வீரர்களின் குறுகிய தொழில் வாழ்க்கையைப் பாதிக்கிறது என்று குறை சொன்னார். ரயட் நிறுவனர்களில் ஒருவரான மார்க் மெரில் கோபமாகப் பதில் எழுத, பெரிய விவாதமானது. அணிகளுக்கு வருமானத்தில் பங்கில்லை என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அடுத்த சில வாரங்களில், சாம்பியன்ஷிப் ஸ்கின் விற்பனையில் 25 சதவிகிதத்தை உலக சாம்பியன்ஷிப் பரிசுத்தொகையில் சேர்ப்பதாக ரயட் அறிவித்தது. அந்த ஒரு பேட்டியால் மட்டுமே எல்லாம் மாறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விவாதம் வெளியே தெரிந்ததற்குக் காரணம், கத்தரி வேறு கையில் இருந்ததுதான்.

வெட்டினால் காணாமல் போகுமா?

வெட்டினால் எதுவும் மறைந்துவிடுவதும் இல்லை. 2019 அக்டோபரில் ஹாங்காங்கைச் சேர்ந்த 'பிளிட்ஸ்சுங்' என்ற வீரர், ஹார்த்ஸ்டோன் போட்டியின் நேரலைப் பேட்டிக்கு முகமூடியும் கண்ணாடியும் அணிந்து வந்து, தன் ஊரில் நடந்த போராட்டத்துக்கு ஆதரவாக முழக்கமிட்டார். கேமை நடத்திய பிளிஸ்ஸார்ட் நிறுவனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்துப் பரிசுத்தொகையையும் நிறுத்தியது. மேசைக்கடியில் தலையைக் குனிந்துகொண்ட வர்ணனையாளர்கள் இருவரையும் விலக்கியது. வீடியோவும் நீக்கப்பட்டது.

அது கேம் பற்றிய குறை அல்ல, அரசியல். போட்டி மேடையில் அரசியல் பேசலாமா என்பது தனி விவாதம். நான் பார்ப்பது விளைவை. சில ஆயிரம் பேர் பார்த்து மறந்திருக்கக்கூடிய ஒரு பேட்டி, உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அமெரிக்க எம்.பி-க்கள் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். நிறுவனத்தின் ஊழியர்களே வெளிநடப்பு செய்தார்கள். சில நாள்களில் தடை ஆறு மாதமாகக் குறைந்தது. பரிசுத்தொகை திரும்பக் கிடைத்தது. நவம்பர் மாத பிளிஸ்கான் மேடையில் நிறுவனத் தலைவர், அவசரப்பட்டு முடிவெடுத்ததற்காக வருத்தம் தெரிவித்தார்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஹர்மன்ப்ரீத் கவுர். 2023 ஜூலையில் வங்கதேசத்துடனான ஒருநாள் போட்டி டை ஆனது. ஸ்டம்ப்பை பேட்டால் அடித்தது ஒரு குற்றம். பரிசளிப்பு மேடையில் நடுவர்களைக் காட்டமாக விமர்சித்தது இன்னொரு குற்றம். அபராதத்தோடு இரண்டு சர்வதேசப் போட்டிகளில் தடையும் கிடைத்தது. அந்தத் தண்டனை சரியா என்று இன்றும் வாதாடலாம். வாதாட முடிகிறது என்பதுதான் விஷயம். அவர் என்ன சொன்னார், எந்த விதிப்படி என்ன தண்டனை என்று எல்லாம் நம் முன்னால் இருக்கிறது. சொன்ன சொல்லையே துடைத்திருந்தால் நாம் எதை வைத்துப் பேசுவோம்?

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு

வெட்டுகிறவர்கள் எல்லோரும் வில்லன்கள் இல்லை. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆடுகிறவர்களில் பலர் இருபதைத் தாண்டாதவர்கள். தோற்ற சூட்டில் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக வருடக்கணக்கில் இணையத்தில் வசை வாங்குவார்கள். 'அவன் ஏமாற்றினான்' என்று ஆதாரமில்லாமல் சொன்னால், இன்னொரு பையனின் வாழ்க்கை போய்விடும். கெட்ட வார்த்தை, சாதி, மத, இன வசவு, ஒருவரின் சொந்த விவரம் - இவற்றை நானும் வெட்டுவேன். வெட்டாமல் இருந்தால்தான் தப்பு.

ஆனால் 'வைஃபை போனது', 'நடுவர் விளக்கம் தரவில்லை', 'மூன்று நாளாகச் சரியான பயிற்சி அறை இல்லை', 'இந்த அப்டேட் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது' போன்றவை யாரைக் காயப்படுத்துகின்றன? நடத்துகிறவரின் பெருமையைத் தவிர யாரையும் இல்லை. ஸ்பான்சர் கோபித்துக்கொள்வார் என்பார்கள். கோளாறை மறைக்கும் போட்டி என்று பெயர் வந்தால் அந்த ஸ்பான்சரே முதலில் கிளம்பிவிடுவார்.

'எங்கள் சேனல், எங்கள் இஷ்டம்' என்பது இன்னொரு வாதம். சட்டப்படி சரியாக இருக்கலாம். அப்படியானால் அதை விளம்பரம் என்று சொல்லிவிடுங்கள், பேட்டி என்று சொல்லாதீர்கள். பேட்டி என்று போட்டால், அவர் சொன்னது இதுதான் என்று பார்ப்பவர் நம்புகிறார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நீளத்துக்காக வெட்டுங்கள், ஆனால் சொன்னதன் பொருள் மாறக் கூடாது. குறை வந்தால் அதை வைத்துவிட்டு, பக்கத்திலேயே உங்கள் பதிலையும் போடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும் வீரரின் கோபத்தை மொழிபெயர்ப்பில் நீர்க்கவிடாதீர்கள், அதுவும் வெட்டுதான். ஏதாவது ஒரு பகுதியை நீக்கியே ஆக வேண்டுமென்றால், 'ஒரு பகுதி நீக்கப்பட்டுள்ளது' என்று திரையில் ஒரு வரி போட என்ன செலவாகிவிடும்?

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை ஒரு போட்டியில் தோற்று வந்தால், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். "என்னப்பா ஆச்சு?" என்று அவர்களிடமே கேளுங்கள். சாக்கும் சொல்வார்கள், உண்மையும் சொல்வார்கள். எது எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் வீட்டில் கேம் ஆடுபவர்கள் இருக்கிறார்களா? போட்டிகளில் அவர்கள் சொன்ன குறையை யாராவது காதில் வாங்கினார்களா? கமென்ட்டில் சொல்லுங்கள். எங்களைப் பற்றிய குறையாக இருந்தாலும் சொல்லலாம்.