சனியும் செவ்வாயும் முறைத்துக்கொண்டால்

சனி, செவ்வாய் பார்வை என்றாலே விபத்து, வெட்டுக்காயம், தீ என்று யூடியூப் ஜோதிடர்கள் மிரட்டுகிறார்கள். அப்படியொன்றும் அபூர்வ அமைப்பில்லை. இரண்டும் நேர் ஏழில் நின்றால் பரஸ்பரப் பார்வை. செவ்வாய்க்கு நான்காம் பார்வையும் சனிக்குப் பத்தாம் பார்வையும் உண்டு என்பதால், செவ்வாய்க்கு நாலில் சனி இருந்தாலும் அதே கதைதான். செவ்வாய் அவசரக்காரர், ஒரு ராசியில் சுமார் ஒன்றரை மாதம். சனி மந்தன், இரண்டரை வருடம். செவ்வாய் வீடான மேஷத்தில் சனி நீசம். சனி வீடான மகரத்திலோ செவ்வாய் உச்சம்! (உபசரிப்பு ஒருதலைதான்.)

என் ஜாதகத்திலும் இந்தப் பார்வை உண்டு. வெட்டுக்குத்து ஏதுமில்லை. கோபம் வரும், மறுநாள் குளிக்கும்போது.