களத்து வீட்டு ஜன்னல்

கோரம்பள்ளம் குளம் உடைந்த மறுநாள் எங்கள் களத்து வீட்டில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றித் தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால் கடைசியாக வந்து சேரும் குளம் கோரம்பள்ளம். கடைமடைக்குக் கீழே யார் குடியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊரிலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், தோழர்களே.

தண்ணீர் வடிந்தபோது தெற்குச் சுவர் பாதி சரிந்து கிடந்தது. நான்கு பனங்கைகள் முறிந்து ஓடுகளோடு தொங்கின. இரண்டு அறை, ஒரு திண்ணை, அவ்வளவுதான் கட்டடம். அதற்குள் எங்கள் உளுந்து விதை இரண்டு மூட்டை முளைத்து நாறிக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டடத்தை நாங்கள் கட்டவில்லை. பண்ணையார் தானியம் வைக்கக் கட்டியது. என் தாத்தா அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். நெல்லைச் சுமந்துவந்து திண்ணையில் இறக்கலாம். வாசற்படி தாண்டக் கூடாது. மேற்குச் சுவரில் முழ அகலத்தில் ஒரு ஜன்னல் உண்டு. கூலி நெல்லை அதன் வழியாகத்தான் கொட்டுவார்கள். வெளியே பெட்டியை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். சிந்தியதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

பிறகு தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை தொடங்கியது. தாத்தா பண்ணையை விட்டுவிட்டுக் கல் சுமக்கப் போனார். 1974 ஜூலை 11-ல் அது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் கொட்டிய கல்லில் அவர் தலை தாங்கியதும் உண்டு. அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து, அப்புறம் பாட்டியோடு உப்பளத்திலும் வேலை பார்த்து, 1978-ல் பண்ணையாரின் வாரிசுகளிடம் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் வாங்கினார். கட்டடம் இனாமாக வந்தது. இடிந்து விழப்போவது என்று நினைத்திருப்பார்கள். பத்திரம் முடிந்த அன்று தாத்தா செய்த முதல் காரியம் உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுத்ததுதான் என்று அப்பா சொல்வார்.

பஞ்சமி நிலம் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவன் நான். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை, 1892 அரசாணை, சுமார் 12 லட்சம் ஏக்கர், பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களைத் தவிர யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனை, 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இறந்த ஜான் தாமஸ், ஏழுமலை என எல்லாம் மனப்பாடம். எங்கள் சொந்த நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் 2024 பிப்ரவரி வரை நான் பார்த்ததே இல்லை. வெள்ள நிவாரணத்துக்கு எழுதிய மனு திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில்.

சித்தப்பா மகன் விற்றுவிடலாம் என்றான். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடிக்கும் புரோக்கர் அவனிடம் ஏற்கெனவே பேசியிருந்தார். "இடிஞ்சத எதுக்குத் தூக்கி நிறுத்தணும்? பங்கப் பிரிச்சுருவோம்" என்றான். எத்தனை பங்கு என்று கேட்டேன். இரண்டு என்றான். அப்பா, சித்தப்பா. அத்தை அங்கேதான் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. நானும்தான். தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்து அது. 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு. அம்பேத்கர் இந்துச் சட்ட மசோதாவுக்காக மந்திரி பதவியை விட்டார் என்று மேடையில் முழங்குகிற வாய்க்கு, வீட்டில் மூன்று என்று சொல்ல இரண்டு நாள் ஆனது.

அத்தை சொன்னது ஒன்றே ஒன்றுதான். "விக்கதுன்னா வித்துக்கிடுங்க. மொதல்ல அதக் கட்டுங்க. இடிஞ்சு கெடக்கயில விக்கக் கூடாது."

சித்திரையில் ஆரம்பித்தோம். வந்த கொத்தனார் தாத்தா எழுபது தாண்டியவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சிமென்ட் மூட்டையைத் திருப்பி அனுப்பச் சொன்னார். சுவர் முழுக்க முருகைக்கல், சுண்ணாம்புக் கட்டு. வெள்ளத்தில் உவர் ஏறியிருக்கிறது. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளேயே பொரிந்து கல்லைத் தின்றுவிடும் என்றார். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றிப் பத்து நாள் ஊறப்போட்டோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தோம். சித்தி, அம்மா, கல்லூரி லீவில் வந்த தங்கச்சி எல்லோர் கையும் வெந்துபோனது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி குழைத்தார்கள்.

முருகைக்கல் இனிக் கிடைக்காது. 2001-லிருந்து பவளப்பாறைக்குச் சட்டப் பாதுகாப்பு. அதுவும் நியாயம்தான். இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. கல் வெட்டுவது அதன்பிறகும் நிற்கவில்லை. விலாங்குசல்லித் தீவு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. பண்ணையார்களின் களஞ்சியங்களில் அந்தக் கடலடியும் கொஞ்சம் இருக்கும். சரிந்த கல்லையே பொறுக்கிக் கழுவி அடுக்கினோம். பனங்கைக்கு, எங்கள் தெருவில் பிரித்த பழைய வீட்டிலிருந்து வைரம் பாய்ந்தவை நான்கு கிடைத்தன. விற்கச் சொன்ன தம்பிதான் டிராக்டரில் ஏற்றி வந்தான். அவன் கூரை வேலையில் கெட்டிக்காரன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கொடியன்குளம் பக்கம் போனது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வீடு கட்டுவதென்றால் அது ஞாபகம் வராமல் இருக்காது. 1995 ஆகஸ்ட் 31-ல் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்து வீடு வீடாக உடைத்தது, கிணற்றையும் விடவில்லை. நாலு காசு பார்த்து ஓட்டு வீடும் டிவியுமாக நிமிர்ந்த ஊர் என்பதுதான் கண்ணை உறுத்தியது. தங்கச்சி 'கர்ணன்' படத்தில்தான் அதை அறிந்திருந்தாள். அத்தை, பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டும் போனதைப் பற்றிச் சொன்னாள். அன்று மாலையே தாத்தாவின் பத்திரத்தைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து மூன்று நகல் போட்டோம்.

பிரச்சினை மேற்குச் சுவரில் வந்தது. அந்த ஜன்னல். நான் அப்படியே விடலாம் என்றேன். ஒரு பலகை மாட்டலாம், இங்கே கூலி எப்படிக் கொடுக்கப்பட்டது என்று எழுதலாம், மாணவர்களைக் கூட்டிவந்து காட்டலாம் என்றேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

அத்தை சாந்துச் சட்டியைக் கீழே வைத்தாள். "ஏல, நீ அங்க நிக்கல. நான் நின்னேன். ஏழு வயசுல. பெட்டி எட்டாதுன்னு கல்லு மேல ஏறி நின்னேன். உள்ள இருந்து ஒருத்தன், கை மேல படாமக் கொட்டுவான். அது ஒனக்குப் பாடம். எனக்கு ஜன்னல்."

யாரும் பேசவில்லை. கொத்தனார் தாத்தா கரண்டியை அவள் கையில் கொடுத்தார். மூன்று வரிசை அவளே வைத்தாள். கோணலாகத்தான் இருந்தது, கொத்தனார் தாத்தா திருத்தவில்லை. பூச்சுக்கு மேலே இன்றும் அந்த இடம் லேசாகப் புடைத்துத் தெரியும். பலகை மாட்டவில்லை. இங்கே இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது, ஆனா எம் பேரு போடாத" என்றாள்.

வெளிச்சத்துக்குத் தெற்குச் சுவரில், கட்டும்போதே பெரிய ஜன்னலாக ஒன்று விட்டிருந்தோம்.

வாரிசுச் சான்று வந்துவிட்டது. கூட்டுப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், மூன்று பெயர். புரோக்கர் இன்னும் தம்பிக்குப் போன் செய்கிறார். அவன் எடுத்துப் பேசத்தான் செய்கிறான். புரட்டாசியில் உளுந்து விதைத்தோம். தையில் மூட்டைகளை உள்ளே அடுக்கினோம். ஈரம் ஏறாமல் இருக்கத் தரையில் பனம்பலகை போட்டிருக்கிறோம். சாவி அத்தையிடம் இருக்கிறது.