நடுக்களம்

புதுவை நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்தது காலாப்பட்டு. கிழக்கே வங்கக் கடல். மற்றைத் திசைகளில் தமிழ்நாட்டு நிலம். இடையே தீவுபோல் கிடக்கும் புதுவையின் ஒரு பகுதி இது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்து, 1954 ஆம் ஆண்டில் புதுவையோடு இந்திய ஆட்சியில் சேர்ந்தது. 1985 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் ஒன்று இங்கே தோன்றியபின், பல மாநிலத்து மாணவரும் இவ்வூரின் பெயரை அறிந்தனர். ஆயினும், எனக்கு இவ்வூர் என்றவுடன் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, ஓயாது அலை வீசும் கடல். மற்றொன்று, மாலை வேளையில் அதன் கரையில் பந்தாடும் சிறுவர் கூட்டம்.

அம்மணலில் நடப்பது என் வழக்கம். இரண்டு துடுப்புகளை நட்டுவிட்டால் சிறுவர்களுக்குக் கோல் கம்பம் ஆயத்தமாகிவிடும். காலணி இல்லை, கோடு கிழித்த களம் இல்லை, களிப்புக்கு மட்டும் குறைவில்லை. ஆட்டம் தொடங்குமுன் நாள்தோறும் அங்கே ஒரு வழக்கு எழும். முன்னால் நின்று கோல் போட அனைவரும் விரும்புவர். நடுவில் நிற்க ஒருவரும் முன்வாரார். இறுதியில், எதிர்த்துப் பேசத் தெரியாத சிறுவன் ஒருவனை நடுவில் நிறுத்திவிடுவர். ஒருநாள் அவர்களுள் மூத்தவனை அழைத்துக் காரணம் கேட்டேன். "நடுவில் நின்றால் கோல் போட முடியாது, ஐயா, பெயரும் கிடைக்காது," என்றான்.

அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மறுநாட் செய்தித்தாளில் கோல் போட்டவர் பெயரே பெரிய எழுத்தில் வருகிறது. அந்தக் கோலுக்கு வழி செய்து கொடுத்தவர் பெயரைத் தேடிப் படிப்பவர் சிலரே. ஆயினும், பெயர் கிடைக்காத அந்த இடத்தின் அருமையை அவனுக்கு எடுத்துச் சொல்ல விரும்பினேன். அன்று அவனிடம் சொன்னவற்றையும், பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கால்பந்தாட்டத்தில் பக்கத்திற்குப் பதினொருவர். அவருள் ஒருவர் கோல் காப்பவர். சிலர் பின்னின்று தடுப்பவர். சிலர் முன்சென்று தாக்குபவர். இவ்விரு கூட்டத்தாரையும் இணைத்து நிற்பவரே நடுக்கள ஆட்டக்காரர். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் அவர் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறார். காலாப்பட்டிலிருந்து புதுவை நகருக்கு ஓடிச் செல்வதற்கு அது ஏறக்குறைய ஈடாகும். அத்தனை ஓட்டத்திலும் பந்து அவர் காலில் தங்கும் நேரம் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அவர் செய்யும் தொழில் பார்ப்பது. பந்து தம்மிடம் வந்து சேருமுன்பே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். தம்மவர் எங்கே நிற்கின்றனர், எதிரி எவ்வழியில் வருகிறான், எந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்பவற்றை நொடிப்பொழுதில் கணக்கிடுகிறார். பந்து வந்ததும், உரிய இடத்திற்கு உரிய வேகத்தில் அதனை அனுப்பிவிட்டு மீண்டும் ஓடுகிறார்.

சிறுவனுக்கு இதனை விளக்கக் கரைவலையையே எடுத்துக்காட்டாகக் கொண்டேன். கரைவலைக்கு இரண்டு கயிறுகள் உண்டு. கரையில் இரு கூட்டத்தார் நின்று அவற்றை இழுப்பர். ஒரு பக்கத்தார் விரைந்தும் மறுபக்கத்தார் மெல்லவும் இழுத்தால் வலை கோணிவிடும், மீன் தப்பிவிடும். ஆதலால் இரு பக்கத்தையும் பார்த்து, "நிறுத்து, இழு" என்று குரல் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். மடி கரைக்கு வரும்போது மீனை அள்ளும் கைகளையே எல்லாரும் பார்ப்பர். ஆனால், அந்தக் குரல் இல்லையேல் அள்ளுவதற்கு மீன் இராது. மீனவர் மகனாகிய அவனுக்கு இது உடனே விளங்கிற்று.

உலகமும் இவ்வுண்மையை மெல்ல உணர்ந்து வருகிறது. ஐரோப்பாவில் பெல்ஜியம் என்னும் சிறு நாடு இருக்கிறது. அதன் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே கடந்தது; தமிழ்நாட்டின் மக்கள்தொகையிலோ ஆறில் ஒரு பங்களவே. அந்நாடு 2018 ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றது. அவ்வணியின் நடுக்களத்தில் ஆடியவர் கெவின் டி புருய்னே. இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணியில் 2015 ஆம் ஆண்டு சேர்ந்த அவர், 2019–20 பருவத்தின் பிரீமியர் லீக் ஆட்டங்களில் 20 கோல்களுக்கு வழி செய்து கொடுத்தார். பிரான்சு நாட்டுத் தியரி ஹென்றி 2002–03 பருவத்தில் நாட்டிய எல்லைக்கு அது ஈடாயிற்று. போட்ட கோல்களை எண்ணியது போலவே, போடுவதற்கு வழி செய்த செயலையும் இக்காலத்தார் எண்ணத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. நம் தமிழ்க் கரையின் தென்கோடியிலேயே ஒரு சான்று உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லைக்கு அருகே, தூத்தூரைச் சூழ்ந்து சில மீனவ ஊர்கள் அரபிக்கடலை நோக்கி வரிசையாக அமைந்துள்ளன. அவ்வூரார் ஆழ்கடலில் சென்று மீன் பிடிப்பதில் பெயர் பெற்றவர். சுறா வேட்டையில் அவர்களுக்குள்ள திறமை தனிச் சிறப்புடையது. கரையை விட்டுப் புறப்பட்டால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிவிடுவர். 2017 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அக்கரையோரம் பல உயிர்களைப் பறிகொடுத்தது. கடலோடு இத்துணை நெருங்கிய வாழ்வுடைய அம்மக்களுக்குக் கால்பந்தாட்டத்தில் அளவற்ற பற்று.

அவ்வூர்களுள் ஒன்றான இரவிபுத்தன்துறையில் 1994 ஆம் ஆண்டு பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். அவருடன் பிறந்த மைக்கேல் ரெஜினும் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரரே. சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக் போட்டியில் ஆடி நாட்டின் கவனத்தைக் கவர்ந்தார். 2018 ஆம் ஆண்டில் எஃகு நகரமாகிய ஜாம்ஷெட்பூரின் அணி அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைப் போட்டியில் குராசோ நாட்டை எதிர்த்து இந்தியாவின் சட்டை அணிந்து ஆடினார். கடற்கரை ஊரில் பந்து உதைத்த கால், நாட்டின் பெயரைத் தாங்கி நடந்தது.

2019 ஆம் ஆண்டிலேயே அவர் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த பணி இலேசானதன்று. இடப்பக்க ஓரத்தில் நின்று, தம் பக்கம் தாக்கும்போது முன்கோடி வரை ஓட வேண்டும். பந்து பறிபோனால் அந்நொடியே திரும்பிப் பின்கோடி வரை வந்து தடுக்க வேண்டும். நடுக்களத்தில் ஆடிப் பழகியவருக்கு இது இரட்டைச் சுமை. "எனக்கு உரிய இடம் இதுவன்று" என்று ஒதுங்குபவர் எந்தக் கூட்டத்திலும் உண்டு. அணிக்குத் தேவையான இடமே தம் இடம் என்று கொள்பவரே உண்மையான ஆட்டக்காரர். சூசைராஜ் அவ்விடத்தை ஏற்று ஆடினார். அப்பருவத்தில் ஏ.டி.கே. அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு 14 ஆம் நாள் கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அது சென்னையின் எஃப்.சி. அணியை 3–1 என்ற கணக்கில் தோற்கடித்தது. கொரோனா நோய் பரவிய காலம் ஆதலால், அவ்வாட்டத்தைக் காண அரங்கில் மக்கள் இல்லை.

அதே ஆண்டில் ஏ.டி.கே. அணி புகழ்பெற்ற மோகன் பகானுடன் இணைந்தது. 1911 ஆம் ஆண்டில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியே ஆங்கிலப் படைக் குழுவொன்றை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற கழகம் அது. அப்பெயர் தாங்கிய புதிய அணி 2020 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள், கோவாவில், பருவத்தின் முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை எதிர்த்தது. சூசைராஜும் களத்தில் இறங்கினார். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டது. அவர் வெளியேறினார், அவ்வாட்டத்தில் அவருடைய அணி 1–0 என்ற கணக்கில் வென்றது. ஆனால், அப்பருவம் முழுவதும் அவர் ஆட இயலாது போயிற்று.

முழங்காலின் உள்ளே குறுக்காக ஒரு சிறு தசைநார் உண்டு. ஓடும்போது சட்டென்று திரும்பவும், நிற்கவும், தாவவும் உதவுவது அது. அது அறுந்தால், அறுவை மருத்துவம் செய்தபின்னும் களத்திற்குத் திரும்ப ஒன்பது மாதம் வரையோ அதற்கு மேலோ ஆகும். முதலில் நிற்கப் பழக வேண்டும்; பின்பு நடக்கப் பழக வேண்டும்; அதன்பின்பே ஓட்டம். தோழர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, நாள்தோறும் ஒரே பயிற்சியை நூறு முறை செய்ய வேண்டும். அங்கே கைதட்டுவார் இல்லை. கோல் போடும் வேகத்தைவிட, இவ்வாறு காத்திருக்கும் பொறுமை அரிது என்பேன். சூசைராஜ் மீண்டும் களம் கண்டார். 2022 ஆம் ஆண்டில் ஒடிசா அணியில் சேர்ந்தார்.

இதனைச் சொன்னபோது அச்சிறுவன், "அப்படியானால் பந்தாட்டத்தை நம்பிப் பிழைக்கலாமா, ஐயா?" என்று கேட்டான். கடலுக்குச் செல்லும் தந்தையர் இரவு வேளையில் தம் மக்களைப் பற்றிக் கவலைப்படும் கேள்வியும் அதுவே. பொய்யான நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. மணலில் ஆடுவோர் ஆயிரவர் என்றால், தொழில்முறை ஆட்டக்காரர் ஆகுபவர் ஒரிருவரே. ஆனவருக்கும் ஆடும் காலம் குறுகியது. முப்பத்தைந்து வயதைக் கடந்து ஆடுவோர் சிலர். ஒரு தசைநார் அறுந்தால் ஓராண்டு வீணாகும். ஆகையால், பந்தை ஒரு காலில் கொண்டாலும், கல்வியை மறு காலாகக் கொள்ள வேண்டும். இரு காலும் ஊன்றியவனே நிலைத்து நிற்பான்.

ஆயினும், ஆட்டம் வருவாய் தராவிட்டாலும் வீணாவதில்லை. நடுக்களத்தில் நின்று பழகியவன் சுற்றும் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். தன்னிடம் வந்த நன்மையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல், தகுந்த நேரத்தில் தகுந்தவனிடம் சேர்க்கக் கற்றுக்கொள்கிறான். பிறன் போட்ட கோலுக்குத் தன் கோல்போல் மகிழக் கற்றுக்கொள்கிறான். வீட்டிலும் ஊரிலும் நாட்டிலும் இக்குணம் உடையவர் வேண்டும். அடுப்படியில் நின்று அனைவருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில் உண்ணும் தாயும், பிறர் முன்னேற வகுப்பில் குரல் வற்றப் பேசும் ஆசிரியரும், அலையில் இறங்கித் தோணியைத் தள்ளிவிட்டுக் கரையிலேயே நிற்கும் முதியவரும் நடுக்கள ஆட்டக்காரரே.

மாணவர்களே, அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்து வலைக்குள் புகும் நொடியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து செல்லாதீர்கள். அப்பந்து எங்கிருந்து வந்தது, எவர் காலைத் தொட்டு வந்தது என்று இரண்டு மூன்று அடி பின்னோக்கிப் பாருங்கள். அங்கே மூச்சு வாங்க நின்றுகொண்டிருப்பவரின் பெயரையும் அறிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஆட இறங்கும் நாளில், ஒருவரும் விரும்பாத நடு இடத்தை உங்களுள் ஒருவர் கேட்டு வாங்கினால், அந்த அணி வெல்லும் அணியாக வளரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.