முயற்சியைப் புகழ்ந்தால் போதுமா?

பொது சுகாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பற்றி வாசித்தபோது எழுதிவைத்தவை.

*

1933இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம் ரூத் எல்லா மூருக்கு நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வழங்கியது. அமெரிக்காவில் இயற்கை அறிவியல் துறையில் முனைவரான முதல் கறுப்பினப் பெண் அவர். ஆய்வுப் பொருள் காசநோய்க் கிருமி. அப்போது அந்நோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வர இன்னும் பத்தாண்டு இருந்தது. காசநோயின் இறப்பு விகிதம் வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடையே அதிகமாக இருந்தது. தன் மக்களைக் கொல்லும் கிருமியையே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

*

மூரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘முதல் பெண்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். படிப்புச் செலவுக்காக அவர் டென்னசி மாநிலக் கல்லூரியில் சுகாதாரமும் ஆங்கிலமும் கற்பித்தார் என்பது ஓரமாக ஒரு வரியில் வரும். எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் படுகிறது. சுகாதாரப் பாடம் நடத்திச் சம்பாதித்த பணத்தில் சுகாதார ஆராய்ச்சி. கல்லூரி இருந்த நாஷ்வில் நகருக்கும் பல்கலைக்கழகம் இருந்த கொலம்பஸ் நகருக்கும் இடையே அறுநூறு கிலோமீட்டர் இருக்கும். பின்னாளில் ஹோவர்டு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் துறைத் தலைவரானார்.

*

இன்று பொது சுகாதார முனைவர் படிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஆராய்ச்சியே தொழிலாக வேண்டுவோர் பிஎச்.டி. சேர்கிறார்கள். களத்தில் நின்று துறையை நடத்த வேண்டியவர்களுக்கு ‘டாக்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்’ பட்டம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் போன்றவை இந்த இரண்டாவது பட்டத்தை வேலையில் இருப்பவர்களுக்கு ஏற்றபடி நடத்துகின்றன. வகுப்புகள் பெரும்பாலும் இணையத்தில்; எப்போதாவது வளாகத்துக்குப் போனால் போதும். வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் வழியில்லாத பெண்களுக்கு இது திறந்த கதவுதான். ஆனால் அலுவலக வேலை முழுதாக அப்படியே இருக்கிறது, வீட்டு வேலையும் இருக்கிறது. படிப்பு தூக்கத்தின் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது.

*

சுகாதாரத் துறையில் பல ஆண்டு வேலை பார்த்தவர் ஆய்வுக்கு வரும்போது கேள்வியைக் கையோடு கொண்டுவருகிறார். தடுப்பூசிக்கு வரச் சொன்ன தாய் ஏன் வரவில்லை? பேருந்து இல்லையா, முதலாளி விடுப்புத் தரவில்லையா, போன முறை யாராவது முகத்தில் அடித்தாற்போல் பேசிவிட்டார்களா? இதையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. வகுப்புகளும் தகுதித் தேர்வும் இருக்கும்வரை கெடு இருக்கும், கூடப் படிப்பவர்கள் இருப்பார்கள். அவை முடிந்து ஆய்வேடு மட்டும் மிஞ்சும்போது தனிமை வந்துவிடுகிறது. பலரும் நின்றுபோகும் இடம் அது. அங்கே நின்றுபோனால் அந்தக் கேள்வியும் எழுதப்படாமலே போய்விடுகிறது.

*

மனிதர்களிடம் தகவல் சேகரிக்கும் பெரும்பாலான ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அலுப்பூட்டும் படிவங்கள். அவற்றுக்குப் பின்னால் அலபாமாவின் மேக்கன் கவுண்டி இருக்கிறது. 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரச் சேவை அங்கே சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து டஸ்கிகீ ஆய்வை நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ். நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972இல் செய்தி வெளியானது. 1974இல் ஆய்வு நெறிமுறைக்கான சட்டம் வந்தது. அந்த அனுமதிப் படிவத்தை நிரப்பும் கறுப்பின மாணவி, தன் தாத்தா தலைமுறை கொடுத்த விலையின் மேல்தான் கையெழுத்துப் போடுகிறார்.

*

அந்த ஆய்வில் தொடக்கம் முதல் நோயாளிகளோடு நின்றவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர். வீடு வீடாகப் போவார், காரில் அழைத்து வருவார், குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மாறவில்லை. 1953இல் அந்த ஆய்வைப் பற்றி வெளியான ஒரு கட்டுரையில் முதல் பெயரே அவருடையது. ஆனால் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர் இல்லை. சமூகத்தின் நம்பிக்கை ஒருவரிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருந்தால் அந்த நம்பிக்கையே மக்களுக்கு எதிரான கருவியாகிவிடும். கறுப்பினப் பெண்கள் முனைவர் பட்டம் பெற்றுத் தீர்மானிக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

*

மிசிசிப்பி, 1935. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற கறுப்பினப் பெண்கள் சங்கம் டாக்டர் டொரத்தி போல்டிங் ஃபெரபியின் தலைமையில் கோடைகால மருத்துவ முகாம்களைத் தொடங்கியது. ஆசிரியைகளும் செவிலியர்களும் மருத்துவர்களும் தங்கள் விடுமுறையைக் கொடுத்தார்கள். விளைச்சலில் பங்குக்கு உழும் குடும்பங்களை முகாமுக்கு அனுப்பத் தோட்ட முதலாளிகள் மறுத்தார்கள். பெண்கள் மருந்தையும் ஊசியையும் தங்கள் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே போனார்கள். பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். 1942 வரை இந்த முகாம்கள் நடந்தன. சம்பள வேலைக்கு மேலே இன்னொரு வேலை என்பது இவர்களின் வரலாற்றில் புதிதல்ல.

*

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் குறிப்புகளின் மையம்.

ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பினத் தொற்றுநோயியலாளர் 1970களின் இறுதியில் வட கரோலினாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற முதியவரைச் சந்தித்தார். 1907இல் பிறந்தவர். இரண்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. தானாகவே எழுதப் படிக்கக் கற்றார். பங்குக் குத்தகைக் கடனிலிருந்து மீண்டார். நாற்பது வயதுக்குள் 75 ஏக்கருக்குச் சொந்தக்காரரானார். ஐம்பது வயதுகளில் அவருக்கு ரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம், கடுமையான குடல் புண். நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு வென்று, சுத்தியலோடு விழுந்து இறந்த நாட்டுப்புற நாயகன் ஜான் ஹென்றியின் கதை அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும். ஜேம்ஸ் தன் கருத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். வசதி குறைந்தவர் இடைவிடாமல் போராடி முன்னேறும்போது உடல் அதற்கு விலை கொடுக்கிறது என்பது அவர் முன்வைத்த கருத்து. பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனால் கேள்வி நிலைத்துவிட்டது.

*

ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992இல் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார். பாகுபாட்டையும் நெருக்கடியையும் ஓயாமல் தாங்கும் உடல் வயதுக்கு முன்பே தேய்கிறது என்றார். 2006இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஏழைகளாக இல்லாத கறுப்பினப் பெண்களின் உடலில்கூட அந்தத் தேய்மானத்தின் அடையாளங்கள் ஏழை வெள்ளையினப் பெண்களைவிட அதிகமாக இருந்தன. வருமானம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

*

ஷேலன் இர்விங். அட்லாண்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் தொற்றுநோயியலாளர். சமூகவியலும் முதுமையியலும் இணைந்த முனைவர் பட்டம் பெற்றவர். சமூக ஏற்றத்தாழ்வு மனிதரின் ஆரோக்கியத்தை எப்படிக் குலைக்கிறது என்பதுதான் அவர் வேலை. 2017 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்த அழுத்தம் ஏறியது, கால் வீங்கியது. மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போனார். பிரசவமான மூன்று வாரத்தில் இறந்துபோனார். வயது 36.

தனியொருவருக்கு நேர்ந்த துயரம் என்று இதைத் தள்ள முடியாது. 2007 முதல் 2016 வரையிலான இறப்புகளை அதே மையம் கணக்கிட்டது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் பேறுகால இறப்பு விகிதம், அதே படிப்புள்ள வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைப்போல் 5.2 மடங்கு. உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டாலும் 1.6 மடங்கு. படிப்பு பல கதவுகளைத் திறக்கிறது. பிரசவ அறையில் அவர்களுக்கு அது காவலாக நிற்பதில்லை.

*

காமரா ஜோன்ஸ், மருத்துவம் முடித்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொற்றுநோயியலில் முனைவரானவர். 2000இல் ஒரு தோட்டக்காரரின் கதை வழியாக இனவெறியை விளக்கினார். வளமான மண் உள்ள தொட்டியில் ஒரு நிறப் பூ, வறண்ட மண் உள்ள தொட்டியில் இன்னொரு நிறப் பூ. வறண்ட மண்ணில் வாடிய செடியைப் பார்த்து ‘விதை சரியில்லை’ என்கிறார்கள். மண்ணை யார் பிரித்தார்கள் என்று கேளுங்கள் என்பது ஜோன்ஸின் வாதம். பின்னாளில் அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கத்தின் தலைவரானார்.

மண்ணை யார் பிரித்தார்கள் என்ற அந்தக் கேள்வியை முனைவர் படிப்பின் பக்கமும் திருப்ப வேண்டும்.

*

வேலை, குழந்தை, வயதான பெற்றோர், கல்விக் கடன், ஆய்வேடு எல்லாவற்றையும் சுமந்து பட்டம் வாங்கிய பெண்ணின் படத்தைப் போட்டு ‘இவரைப் போல் உழையுங்கள்’ என்று எழுதுவது எளிது. அந்தப் பெண்ணை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர் துறையே அளந்து காட்டிய உண்மையை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட முடியாது. தாங்கும் சக்திக்குக் கணக்கு உண்டு. அதை உடல் தீர்க்கிறது.

செய்ய வேண்டியவை தெரிந்தவைதாம். வேலை தரும் துறை கல்விக் கட்டணத்தைக் கட்டலாம். வேலை வாரத்தில் ஒரு நாளை ஆய்வுக்கு விடலாம். ஆய்வேடு எழுதும் மாதங்களில் சம்பளத்தோடு விடுப்புத் தரலாம். பல்கலைக்கழகம் மாலை வகுப்பு நேரத்தில் குழந்தைக் காப்பகத்தைத் திறந்துவைக்கலாம். அவர் கொண்டுவரும் கேள்வியை ‘சொந்த அனுபவம்’ என்று ஒதுக்காத நெறியாளரை நியமிக்கலாம். முயற்சியைப் புகழ விரும்புகிறவர்கள் இவற்றில் ஒன்றையாவது செய்துவிட்டுப் புகழட்டும்.