18 பைட் வேலை

சென்னை ரிச்சி தெருவில் பழைய கணினி வாங்க வருபவர்கள் ராமுக்கும் ஹார்ட்டிஸ்க்குக்கும் பேரம் பேசுவார்கள். திரை சரியாகத் தெரிய வைப்பதற்குத் தனியாகக் கூலி என்றால் முகம் மாறிவிடும். அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் மீரான் சாகிப் தெருப் பக்கம் ஒரு மாடிக் கடைக்குப் போயிருந்தேன். அலுவலகங்கள் கழித்துவிட்ட சிஸ்டங்களை வாங்கி, தூசு தட்டி, பழுது பார்த்து, டியூஷன் சென்டர்களுக்கும் பில் போடும் கடைகளுக்கும் விற்கிறார்கள்.

மேசையில் இருந்தது இன்டெல் ஜி41 போர்டு. 2008இல் வந்த சிப். கூடவே 19 அங்குல அகலத்திரை மானிட்டர். அதன் இயல்பான அளவு 1440 × 900. கணினியோ 1024 × 768க்கு மேல் தரவில்லை. படம் பக்கவாட்டில் இழுபட்டு, வட்டம் முட்டையாகி நின்றது. எழுத்தின் ஓரமெல்லாம் மங்கல். நாள் முழுக்க இதைப் பார்த்து பில் போடுகிறவருக்குக் கண் என்னாகும்?

சிப்புக்குத் திறன் இல்லாமல் இல்லை. 2048 × 1536 வரை காட்டக்கூடிய சிப் அது. எதிரே இருப்பது எந்த மானிட்டர் என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

“டிரைவரைத் தொடறதுக்கு முன்னாடி கேபிளைப் பாக்கணும் சார்” என்று சொல்லி விஜிஏ பிளக்கைத் திருப்பிக் காட்டினார் கடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். 15 பின்களில் 12ஆவதும் 15ஆவதும்தான் மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் வழி. ஈடிஐடி (EDID) எனப்படும் 128 பைட் விவரம் அதன் வழியாகத்தான் கணினிக்குப் போகிறது. மலிவான கேபிள்களில் அந்தக் கம்பியே இருக்காது. நல்ல கேபிள் மாட்டினார், பலனில்லை. மானிட்டருக்குள் அந்த விவரத்தை வைத்திருக்கும் சின்ன சிப் செத்துப்போயிருந்தது. மானிட்டர் சொல்ல வேண்டியதை இனி டிரைவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

இங்கேதான் அவருடைய உதவியாளர் உட்கார்ந்தார். டிப்ளமோ முடித்த பெண். ஒரு திரை அளவைச் சொல்ல 18 பைட் போதும். காகிதத்தில் கணக்கை எழுதிக் காட்டினார்: 1440 புள்ளிகளோடு கண்ணுக்குத் தெரியாத இடைவெளி 464 சேர்ந்தால் ஒரு வரிக்கு 1904. வரிகள் 900, இடைவெளி 34, மொத்தம் 934. நொடிக்கு ஏறக்குறைய 60 முறை வரைய 106.50 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். இதை 10 கிலோஹெர்ட்ஸ் கணக்கில் எழுதினால் 10650, ஹெக்ஸில் 299ஏ. கடைசி பைட்டை முதலில் எழுதுவது வழக்கம் என்பதால் வரிசை 9ஏ, 29 என்று தொடங்குகிறது. இப்படியே ஒவ்வொரு பைட்டாக.

முன்பெல்லாம் இந்த 18 பைட்டை டிரைவரின் ஐஎன்எஃப் ஃபைலில் எழுதி, அப்புறம் இன்ஸ்டால் செய்வார்களாம். 64 பிட் விண்டோஸில் அந்த ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போய்விடும். அதனால் டிரைவரை அப்படியே போட்டுவிட்டு, ரெஜிஸ்ட்ரியில் அதற்குரிய இடத்தில் எண்களைச் சேர்த்தார். ரீஸ்டார்ட் ஆனதும் பட்டியலில் 1440 × 900 வந்தது. வட்டம் வட்டமானது.

“அண்ணே, ஓரம் சரியா இருக்கான்னு பாருங்க.”

“இன்னும் ரெண்டு புள்ளி இடப்பக்கம் தள்ளுமா.”

அந்த இரண்டு புள்ளிக்காக மறுபடி கணக்குப் போட்டார்கள். கேட்டு வாங்க யாரும் இல்லாத துல்லியம் இது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை வந்தது.

லினக்ஸில் இப்படித் திரை அளவைச் சேர்க்க வேறொரு வழி இருந்தது. 915ரெசல்யூஷன் என்ற சின்ன நிரல், நினைவகத்தில் இருக்கும் வீடியோ பயாஸின் நகலில் மட்டும் அளவை மாற்றிவிடும். அணைத்தால் மாற்றம் போய்விடும் என்பதால் ஒவ்வொரு முறை கணினி கிளம்பும்போதும் அதை ஓட்டியாக வேண்டும், போர்டுக்கு ஆபத்தில்லை. 2009இல் லினக்ஸ் கெர்னலே இன்டெல் சிப்களின் திரை அளவை நேரடியாகக் கையாளத் தொடங்கியது. அதன்பின் அந்த நிரலுக்கு வேலை குறைந்துபோனது.

மாலையில் ஒரு டியூஷன் டீச்சர் இன்டெல் ஆட்டம் சிப் உள்ள பழைய நெட்புக்கைக் கொண்டுவந்தார். சார்ஜர் வேலை செய்யவில்லை. கூடவே இன்னொரு குறையும் சொன்னார்: திரை 1024 × 600, விண்ணப்பப் படிவங்களின் ஓகே பொத்தான் கீழே போய் மறைந்துவிடுகிறது. ரெஜிஸ்ட்ரியில் ‘டவுன்ஸ்கேலிங் சப்போர்ட்டட்’ என்று முடியும் ஒரு வரியில் 0ஐ 1 ஆக்கினார் கடைக்காரர். 1024 × 768 கிடைத்தது.

“எழுத்து கலங்கலா இருக்கேப்பா.”

“இருக்கும் டீச்சர். 768 வரியை 600க்குள்ள அடைக்கிறோம். ஃபார்ம் போடும்போது மட்டும் இதை வைங்க. படிக்கிறப்போ பழைய அளவுக்கே போயிடுங்க.” மாற்றும் விதத்தைக் காட்டி, அவரையே செய்து பார்க்கச் சொன்னார்.

பில்லில் சார்ஜர் விலை மட்டும் இருந்தது. டிஸ்ப்ளே வேலைக்கும் ஒரு வரி எழுதலாமே என்றேன்.

“எதை மாத்தினேன்னு எழுதறது சார்? ஒரு பார்ட்டும் போடலையே.”

ரேடியேட்டரைத் திறந்து அடைப்பு எடுக்கிற மெக்கானிக்கும் பார்ட் போடுவதில்லை, கூலி வாங்குகிறார் என்று சொன்னேன். டீச்சர் குறுக்கே புகுந்து, “அவர் சொல்றது சரிதாம்பா, எழுது” என்று பர்ஸைத் திறந்தார். கடைக்காரர் தயங்கி, ‘டிஸ்ப்ளே செட்டிங்’ என்று எழுதி நூறு ரூபாய் போட்டார்.